செவ்வாப்பேட்டை மண்: அன்று சிந்திய எண்ணெயும் இன்று சிந்துவதும்

மாட்டு வண்டியின் அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். அதற்குள் இருப்பது வண்டி மை. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்வார்கள். அச்சு கிறீச்சிட ஆரம்பித்தால் வண்டிக்காரர் இறங்கி, கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, குச்சியால் மையைத் தோண்டி அச்சில் தடவுவார். கீழே ஒழுகினால் நாலு சொட்டு ஒழுகும். செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு, புட்லூர் பக்கத்திலிருந்து திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அமாவாசை தோறும் போன வண்டிகள் அத்தனையும் வருஷம் முழுக்கச் சிந்தியதைச் சேர்த்தாலும், இன்று ஒரு லாரி பட்டறை சில வாரங்களில் சிந்துவதற்கு ஈடாகுமா என்பது சந்தேகம்தான்.

அன்று எண்ணெய் என்றால் காசு. விளக்கெண்ணெய் ஆனாலும் டின்னில் வந்த மண்ணெண்ணெய் ஆனாலும் அளந்துதான் ஊற்றினார்கள். கை தவறிக் கொட்டிவிட்ட பிள்ளைக்கு அடி விழும். கொட்டிய இடத்தில் சாம்பலைத் தூவித் துடைத்துவிட்டால் மண்ணில் மிஞ்சுவது அதிகம் இல்லை.

முதன்முதலில் வயல்காட்டு மண் நிஜமாகவே எண்ணெய் குடித்தது ஆயில் இன்ஜின் வந்த பிறகு. கவலை இறைத்த கிணறுகளின் மேட்டில், நாடு விடுதலை அடைந்த பிறகு வந்த இருபது ஆண்டுகளில், ஒரு கொட்டகை முளைத்தது. உள்ளே இன்ஜின், ஒரு பீப்பாய், ஒரு புனல். ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் ஒழுகும், நிறுத்தும்போது கொஞ்சம். கொட்டகைத் தரை ஒரு பாக அகலத்துக்குக் கறுத்துக் கிடக்கும். அந்த இடத்தில் புல் முளைக்காது; மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலேயே உருளும். பிறகு கரன்ட் மோட்டார் வந்தது, கொட்டகைகள் இடிந்தன. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் அருகு படர்ந்திருந்தது.

இதைக் கவனித்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. மண்ணில் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு டீசலில் உள்ள ஹைட்ரோகார்பன் உணவு. அதை உடைத்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும். அவற்றுக்குக் காற்று வேண்டும், ஈரம் வேண்டும், தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும், 25 முதல் 35 டிகிரி வரை வெப்பம் இருந்தால் இன்னும் நல்லது. நம் ஊர் மேல்மண்ணில் ஆண்டின் பெரும்பகுதி இந்த வெப்பம் தானாகவே இருக்கிறது. கொட்டகை மண்ணில் எண்ணெய் கொஞ்சம், மேலாக நின்றது, வெயிலும் காற்றும் பட்டது. அதனால் மண் தன்னைத் தானே ஆற்றிக்கொண்டது.

இந்தச் சுற்றுவட்டார மண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். செவ்வாப்பேட்டைக்கு அருகே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்களின் பெயர் திரூர்க்குப்பத்திலிருந்து வந்தது. அவற்றில் டி.கே.எம்.6, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காக உலக நெல் ஆராய்ச்சியாளர்கள் தேடிய ரகம். தமிழ்நாடே ஒரு காலத்தில் சாப்பிட்ட ஐ.ஆர்.20 அரிசிக்கு அதுதான் ஒரு பெற்றோர். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் சேர்ந்து மூன்று போகம் வரை பார்த்த பூமி இது. இதைப் பாழாய்ப் போகவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ரயில் இந்த ஊருக்குப் புதிது அல்ல. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது இந்த வழியாகத்தான். நீராவி வண்டிகள் விட்டுப்போனது கரியும் சாம்பலும். மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு கதை மாறியது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையாகத் தொடங்கியது, பின்னாளில் சென்னை பெட்ரோலியம் என்ற பெயரில் 105 லட்சம் டன்னாக வளர்ந்தது. துறைமுகம், தண்டையார்பேட்டை, மணலி, எண்ணூர் என்று சென்னையின் வடக்கு விளிம்பு முழுக்க எண்ணெய்த் தொட்டிகள் நிறைந்தன. அங்கே நிரப்பிய டேங்கர் வேகன்கள் மேற்கே போக வேண்டுமானால் அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், செவ்வாப்பேட்டை, திருவள்ளூர், அரக்கோணம் என்றுதான் போக வேண்டும். இப்போது நான்கு பாதைகள். மின்சார ரயிலுக்குக் காத்திருப்பவர்களின் முன்னால் வெள்ளை உருளைகளாக அவை கடந்துபோகின்றன. ஒரு வேகனில் 70,000 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும்.

சாலையிலும் இதே மாற்றம்தான். திருவள்ளூர் நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். லாரியின் அடியில் ஒருவர் படுத்துக்கொண்டு டிரெயின் பிளக்கைத் திருகுகிறார். கறுப்பாக, சூடாக, பதினைந்து இருபது லிட்டர் பழைய ஆயில் வெட்டிவைத்த பீப்பாயில் விழுகிறது. முதல் வீச்சு பீப்பாய்க்கு வெளியேதான். ஃபில்டரைக் கழற்றினால் அரை லிட்டர் தரையில். மத்தியானத்துக்குள் சென்ட்ரிங் வேலைக்காரர் ஒருவர் கேனோடு வந்து, “பழைய ஆயில் கொஞ்சம் குடுங்கண்ணே” என்று வாங்கிப் போவார். பலகையில் தடவினால் கான்கிரீட் ஒட்டாது. வேலிக் கம்புக்குக் கரையான் மருந்தாகவும் சிலர் கொண்டுபோவார்கள். ஆக, பட்டறையில் சிந்தாததும் வேறு எங்கோ மண்ணைத்தான் சேர்கிறது. பழைய ஆயிலில் ஹைட்ரோகார்பனோடு இன்ஜின் தேய்மானத்தில் வந்த உலோகத் துகள்களும் இருக்கும். அந்தத் துகள்களை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்க முடியாது. சட்டப்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு. பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போக வேண்டும். ஒரு பட்டறைக்காரர் மேல் மட்டும் பழி போடுவதில் நியாயம் இல்லை. பீப்பாயை வீடு தேடி வந்து எடுத்துப் போகும் ஏற்பாடு அவருக்கு இருந்தால்தானே அவர் கொடுப்பார்?

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. டீசல் ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு அருகே தடம் புரண்டது. செவ்வாப்பேட்டையிலிருந்து இரண்டாவது நிறுத்தம் அது. 52 வேகன்களில் 18 தீப்பிடித்தன. வானத்தைக் கறுக்கவைத்த அந்தப் புகையை மைல்கணக்கான தொலைவிலிருந்து பார்த்தார்கள். பக்கத்துத் தெருக்களில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள், வீடுகளிலிருந்து கேஸ் சிலிண்டர்களை அப்புறப்படுத்தினார்கள். தீயணைப்பு வீரர்கள் பகல் முழுக்கப் போராடினார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. அது அவர்களுடைய உழைப்பு. சில நாட்களில் நான்கு பாதையும் சரியாகி ரயில்கள் ஓடின. செய்தியும் அத்தோடு நின்றது.

மண்ணின் கதை தொடங்குவது அங்கேதான். எரிந்த டீசல் புகையாகப் போயிற்று. எரியாமல் கீழே இறங்கியது எங்கே போகும்? முதலில் தண்டவாளத்தின் ஜல்லி. அதில் எண்ணெய் நிற்காது, நேராக வடிந்துவிடும். அடுத்து மண் கரை. அதன் கீழே கூவமும் கொசஸ்தலையும் காலங்காலமாகக் கொட்டிய வண்டல். களியும் மணலும் மாறி மாறி வரும் படுகை. களி தடுக்கும்; மணல் வழிவிடும். களியில் வேர் போன தடமோ வெடிப்போ இருந்தால் அதன் வழியாகவும் இறங்கும். போகிற வழியெல்லாம் மண் இடுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிக்கொண்டே போய், அளவு அதிகமாக இருந்தால் நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடும். டீசல் லிட்டருக்குச் சுமார் 830 கிராம்தான் எடை; தண்ணீரைவிட இலேசு. அதனால் நீர்மட்டத்தின் மேல் மிதந்து பக்கவாட்டில் பரவும்.

விபத்து நடந்த மாதத்தையும் கவனிக்க வேண்டும். ஜூலையில் நம் பகுதிக் கிணறுகளில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். அப்போது சிந்தியது ஆழமாக இறங்க இடம் கிடைக்கிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டி, டிசம்பர் ஜனவரியில் நீர்மட்டம் ஏறும்போது மிதக்கும் எண்ணெயும் கூடவே ஏறி, முன்பு படாத மண்ணிலும் படும். மே மாதம் மறுபடி இறங்கும்போது பாதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஒரு மெல்லிய படலம் பல அடி கனமுள்ள பூச்சாக மாறிவிடும். மேலே நடப்பவருக்கு எதுவும் தெரியாது.

இதே டீசல் உறைந்த மண்ணில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை உலகம் 2020 மே 29 அன்று பார்த்தது. ரஷ்யாவின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் நோரில்ஸ்க் நகரத்தின் மின்நிலையத்தில் ஒரு டீசல் தொட்டி உடைந்தது. 21,000 டன் வெளியேறியது. லிட்டரில் சொன்னால் இரண்டரைக் கோடி. 15,000 டன் ஆற்றில் கலந்தது, 6,000 டன் நிலத்தில் ஊறியது. ஆம்பர்னாயா ஆறு சிவப்பாக ஓடிய காட்சியை விண்வெளியிலிருந்தே படம் பிடித்தார்கள். ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் நிலத்தின் மேல் தூண்களை ஊன்றித்தான் அங்கே எதையும் கட்டுகிறார்கள். பூமி சூடாகி அந்த உறைநிலம் இளகுவதால் தூண்கள் இறங்கியதாக மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் சொன்னது. பராமரிப்புக் குறையும் இருந்தது என்று விசாரணையில் வெளிவந்தது. நீதிமன்றம் 14,600 கோடி ரூபிளுக்கு மேல் இழப்பீடு கட்டச் சொன்னது; நிறுவனம் கட்டியது.

உறைநிலத்தில் கோடையில் மேலே அரை மீட்டர், ஒரு மீட்டர், சில இடத்தில் இரண்டு மீட்டர் மட்டுமே இளகும். அதன் கீழே மண்ணும் பனிக்கட்டியும் கலந்த பாறை. கொட்டிய எண்ணெய் அந்த இளகிய தோலுக்குள் பரவி, கீழே இறங்க வழியில்லாமல் சரிவு நோக்கி ஓடி ஆற்றைத் தேடும். எல்லாம் மேலேயே நின்றுவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். உறைந்த மண்ணிலும் நுண்வெடிப்புகள் இருக்கின்றன, உறையாத நீர்ப்படலங்கள் இருக்கின்றன, அவற்றின் வழியாக எண்ணெய் கீழேயும் போகிறது. எண்ணெய் பட்டுக் கறுத்த தரையும் செத்துப்போன பாசியும் வெயிலை அதிகமாக இழுப்பதால் உறைநிலம் இன்னும் ஆழமாக இளகும். இளக இளக எண்ணெய்க்கு வழி கூடும். நுண்ணுயிர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் ஆண்டில் இரண்டு மூன்று மாதம்தான் அவற்றால் வேலை செய்ய முடியும், அதுவும் மெதுவாக. மிச்ச மாதங்களில் எல்லாம் உறைந்து நிற்கும். ஊறுகாயைப் போல எண்ணெய் அப்படியே கெடாமல் இருக்கும். பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் தோண்டினால் வாடை அடிக்கும் இடங்கள் ஆர்க்டிக் நாடுகளில் இருக்கின்றன. தோண்டி எடுக்கலாமா என்றால், தோண்டுவதே உறைநிலத்தை இளகவைத்துவிடும்.

அந்த மண்ணுக்கு இல்லாத வசதி செவ்வாப்பேட்டை மண்ணுக்கு இருக்கிறது. வெப்பம் இருக்கிறது, மழை இருக்கிறது, உயிர் இருக்கிறது. அதற்காக, நம் மண் தானே பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியாவின் ஒகோனிலாந்து சாட்சி. நம்மைப் போலவே வெப்ப நாடு. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கை, பல இடங்களில் எண்ணெய் 5 மீட்டர் ஆழத்தையும் தாண்டிவிட்டதைச் சொன்னது. ஒரு ஊரில் நிலத்தடி நீரின் மேல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. சுத்தப்படுத்த 25 முதல் 30 ஆண்டு ஆகலாம் என்றார்கள். வெப்பம் உதவும், ஆனால் ஆழத்தில் காற்று கிடையாது. காற்று இல்லாத இடத்தில் நுண்ணுயிர் மெதுவாகத்தான் தின்னும். இன்ஜின் கொட்டகையில் நடந்தது இங்கே தானாக நடக்காது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. தண்டையார்பேட்டையில் 2013இல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையோர வீடுகளின் போர்வெல்லில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியம் கிடங்குக்கு வந்த குழாய் பூமிக்குள் கசிந்திருந்தது. குழாய் கசிந்தது தெரிய வந்ததே வாளியில் வாடை அடித்த பிறகுதான். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

எண்ணூரில் 2017 ஜனவரி 28 அன்று இரண்டு கப்பல்கள் மோதியபோது, சிந்தியது கொஞ்சம்தான் என்று முதலில் சொன்னார்கள். மீனவர்களும் மாணவர்களும் வாளியால் வாரி எடுத்த கசடே நூறு டன்னைத் தாண்டியது. அந்த வாளிகளைப் பார்த்து நாடே கேலி செய்தது. எனக்கு அந்தக் கைகள் மேல் மரியாதைதான் வந்தது. வாரிய கசடைத் துறைமுக வளாகத்திலேயே மண்ணோடு கலந்து, எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்களைச் சேர்த்துச் சரிசெய்யும் வேலையை இந்தியன் ஆயில் செய்தது. நல்ல வழி இங்கேயே இருக்கிறது என்பதற்கு அது ஆதாரம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 6,700 குடும்பங்களுக்கு 7,500 ரூபாய், 787 படகுகளுக்கு 10,000 ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தது. குடும்பத்தை எண்ணினார்கள், படகை எண்ணினார்கள். வெள்ளம் வடிந்தபோது வீட்டு வாசலிலும் அலையாத்தி வேரிலும் படிந்த மண்ணை யாரும் அப்படி எண்ணிக் கணக்கு வைக்கவில்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் இப்படிக் கெட்ட மண்ணுக்கான முடிவிடம் ஒன்று இருக்கிறது: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள அபாயகரக் கழிவு நிலநிரப்பு வளாகம். எண்ணெய் ஊறிய மண்ணைச் சட்டப்படி அங்கே கொண்டுபோய்ப் புதைக்கலாம். புதைப்பது இடமாற்றம்தான். நல்ல மண்ணையும் சேர்த்துப் புதைக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. நம் மாவட்டத்தில் ஏரிச் சவுடும் செங்கல் சூளை மண்ணும் டிப்பரில் ராத்திரி பகலாக ஓடுகின்றன. எங்கே தோண்டினார்கள், எங்கே கொட்டினார்கள் என்று கேட்பார் கிடையாது. கறுத்த மண்ணும் அந்தக் கும்பலில் கலந்து யாரோ ஒருவரின் மனைக்கு நிரப்பு மண்ணாகப் போய்விட்டால், அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

மேலாக இருக்கும் மண்ணை ஆற்ற விவசாயிக்குத் தெரிந்த சாமான்களே போதும். தார்ப்பாய் போன்ற கனத்த விரிப்பின் மேல், ஒரு அடி உயரத்துக்கு மிகாமல் மண்ணைப் பரப்ப வேண்டும். மட்கிய சாணமும் கொஞ்சம் யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் கலக்க வேண்டும். எண்ணெயில் உள்ள கரிமம் 100 பங்கு என்றால் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 என்பது இந்தத் துறையின் பழகிய கணக்கு. பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரம் தெளித்து, வாரம் ஒருமுறை மண்வெட்டியாலோ கலப்பையாலோ புரட்டிப்போட வேண்டும். வடியும் தண்ணீர் வெளியே போகாமல் சுற்றிலும் வரப்பு வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். நம் வெயிலில் டீசல் பட்ட மண் சில மாதங்களில் நன்றாகத் தேறும். நோரில்ஸ்க் மக்கள் ஏங்கக்கூடிய வேகம் இது. நீர்மட்டம் வரை போய்விட்டதை மட்டும் கண்காணிப்புக் கிணறு போட்டு, மிதப்பதை உறிஞ்சி, ஆழத்துக்குக் காற்று செலுத்தித்தான் மீட்க முடியும். அது செலவு பிடிக்கும் வேலை. சிந்தியவர்தான் செலவழிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முதலில் மண் கெட்டிருக்கிறது என்று ஒரு தாளில் பதிவாக வேண்டும். விவசாயிக்குத் தரும் மண்வள அட்டையில் 12 விஷயங்கள் வரும்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு நிலை, கரிமம். எண்ணெய் அதில் கிடையாது. எண்ணெயிலும் கரிமம்தான் இருக்கிறது என்பதால், டீசல் ஊறிய மண்ணுக்குக் கரிமச்சத்து கூடுதல் என்றுகூட அட்டை சொல்லிவிடக்கூடும்.

திருவள்ளூரில் ரயில் எரிந்து பத்துப் பன்னிரண்டு நாளில், அதே 2025 ஜூலையில், மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கான விதிகளை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. இந்தியாவில் இதற்கென்று தனியாக வந்த முதல் விதிகள். சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்து உறுதி செய்ய வேண்டும், கெடுத்தவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்கிறது அது. கடலில் கலந்த எண்ணெய், சுரங்கம், கதிரியக்கக் கழிவு, குப்பைக் கிடங்கு இவை அதில் சேராது. தண்டவாள ஓரத்து மண் சேரும். பட்டறை மண்ணும் சேரும்.

ஆகவே, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் தரும் பட்டியலில் திருவள்ளூர் விபத்து இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதலாம். ஊராட்சி மன்றத்தில் தீர்மானமாகவே போட்டு அனுப்பலாம். தண்டவாளத்தின் இருபுறமும், நிலம் சரிந்து போகும் திசையில் இன்னும் கொஞ்சம் தள்ளியும் உள்ள கிணறுகளிலும் போர்வெல்களிலும், பருவமழை முடிந்து நீர்மட்டம் உச்சத்தில் நிற்கும் ஜனவரியில் ஒருமுறை, அது தாழ்ந்து கிடக்கும் ஜூன் மாதத்தில் ஒருமுறை என்று தண்ணீர் எடுத்து, பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் எவ்வளவு என்று சோதிக்கச் சொல்ல வேண்டும். மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில், காற்றுக்கு இடம் விடாமல் கழுத்து வரை நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் பாதி ஆவியாகவும் பிளாஸ்டிக்கில் ஒட்டியும் போய், எண்ணெய் இல்லை என்று முடிவு வந்துவிடும். குறைந்தது மூன்று வருஷம் இது தொடர வேண்டும், முடிவுகளை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும்.